‘இவ என் பொண்ணுதானே மேடம்?’ - அம்மா யார் என்று சட்டம் எப்படி முடிவு செய்கிறது?

மாலை ஆறரை மணி இருக்கும். கேஸ் கட்டுகளை அலமாரியில் அடுக்கிவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். நாற்பதை நெருங்கும் வயது. திருமணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. நான்கு மாதம் ஆகிறது என்றார். குழந்தை அவர் தோளில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். இவ என் பொண்ணுதானே?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கொஞ்சம் தண்ணீர் குடித்த பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய கருமுட்டையில் குழந்தை தங்க வாய்ப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறொரு பெண் தானமாகக் கொடுத்த கருமுட்டை, கணவரின் உயிரணு, ஐவிஎஃப் சிகிச்சை. மூன்றாவது முயற்சியில் கரு தங்கியது. பத்து மாதம் சுமந்து, சிசேரியனில் பெற்றெடுத்தார். கணவன், மனைவி இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் இது. ஆனால், ஆஸ்பத்திரி ஃபைல் எப்படியோ நாத்தனார் கையில் சிக்கிவிட்டது. அடுத்து வந்த ஒரு சண்டையில், “உன் ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லாத குழந்தை அது. எங்க அண்ணன் பிள்ளை. உனக்கு என்ன உரிமை இருக்கு?” என்று கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. “நாளைக்கு அவருக்கும் எனக்கும் ஒத்து வரலைன்னா குழந்தையைப் பிடுங்கிக்குவாங்களா? முட்டை குடுத்த பொண்ணு வந்து கேட்டா? டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கச் சொன்னா நான் என்ன மேடம் பண்ணுவேன்?”

அவருக்கு அன்று சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அல்ல. கருத்தரிப்பு மையங்களின் வாசலில் காத்திருக்கும் பல பெண்களின் மனதிலும் இருக்கிற கேள்வி.

அப்பாவுக்குப் பிரிவு உண்டு, அம்மாவுக்கு?

1872-ம் வருடத்து இந்திய சாட்சியச் சட்டத்தில் 112 என்று ஒரு பிரிவு இருந்தது. திருமண பந்தம் இருக்கும்போது பிறக்கும் குழந்தை அந்தக் கணவனுடையது என்று அது சொன்னது. திருமணம் முறிந்து 280 நாட்களுக்குள் பிறந்தாலும், அந்தப் பெண் மறுமணம் செய்யாமல் இருந்தால், அதே விதிதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது 116-வது பிரிவாகத் தொடர்கிறது.

‘அம்மா யார்?’ என்பதற்கு அப்படி ஒரு பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. எழுதத் தேவையே இருக்கவில்லை. அப்பா யார் என்பதில் சந்தேகம் வரலாம், அம்மா யார் என்பதில் வராது என்பது ரோமானியர் காலத்திலிருந்து வரும் சட்டக் கொள்கை. பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் வாசலில் காத்திருந்த சொந்தக்காரர்களும்தான் சாட்சி. பெற்றவள் அம்மா, அவ்வளவுதான்.

1978-ல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. கருமுட்டை ஒரு பெண்ணிடமிருந்தும் கருப்பை இன்னொரு பெண்ணிடமிருந்தும் வரலாம் என்ற நிலை அதன் பிறகு உருவானது. குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டவர் மூன்றாவது பெண்ணாகவும் இருக்கலாம். பல நூற்றாண்டுகளாக ஒரே ஆளாக இருந்த அம்மா, மூன்று பேராகப் பிரிந்தார். சட்டம் திகைத்து நின்றது.

மூன்று பெண்கள் இருந்தும் அம்மா இல்லை

அந்தத் திகைப்பின் விலையை ஒரு பச்சைக் குழந்தை கொடுத்த கதை இது. 2008-ல், குஜராத்தின் ஆனந்த் நகரில், ஒரு ஜப்பானியத் தம்பதிக்காக வாடகைத் தாய் ஒருவர் குழந்தையைச் சுமந்தார். கருமுட்டை, பெயர் வெளியிடாத ஒரு பெண் கொடுத்தது. குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அந்தத் தம்பதி விவாகரத்து செய்துகொண்டார்கள். மனைவி, ‘எனக்கும் இந்தக் குழந்தைக்கும் சம்பந்தமில்லை’ என்று ஒதுங்கிவிட்டார். வாடகைத் தாயின் பொறுப்பு பிரசவத்தோடு முடிந்தது. முட்டை கொடுத்தவர் யாரென்றே தெரியாது.

தந்தை குழந்தையைக் கேட்டார். ஆனால், பாஸ்போர்ட் எடுக்க அம்மா யார் என்று சொல்ல வேண்டுமே! ஜப்பானிலிருந்து குழந்தையின் பாட்டி வந்து பார்த்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் தாயின் பெயர் இல்லாத ஓர் அடையாளச் சான்றை வைத்து, அந்த வருடம் நவம்பரில்தான் பாட்டியும் பேத்தியும் ஜப்பானுக்கு விமானம் ஏற முடிந்தது.

இதற்கு முன்பே வாடகைத் தாய் முறைக்குச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு இருந்தது. இந்த வழக்குக்குப் பிறகு அது வலுத்தது. ஆனாலும் பதிமூன்று வருடம் கழித்து, 2021-ல்தான் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, கருத்தரிப்பு சிகிச்சைகளுக்கான சட்டம். இன்னொன்று, வாடகைத் தாய் முறைக்கான சட்டம். இரண்டும் 2022 ஜனவரி 25 முதல் அமலில் இருக்கின்றன.

முட்டை யாருடையதாக இருந்தாலும்...

இனி என் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கேள்விக்கு வருகிறேன்.

கருத்தரிப்பு சிகிச்சைச் சட்டத்தின் 31-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. இந்தச் சிகிச்சையில் பிறக்கும் குழந்தை, சிகிச்சை பெற்ற தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். இயற்கையாகப் பிறந்த குழந்தைக்கு என்னென்ன உரிமைகள் உண்டோ, அத்தனையும் இந்தக் குழந்தைக்கும் உண்டு. சொத்துரிமையும் அதில் அடக்கம். கருமுட்டையோ உயிரணுவோ தானமாகக் கொடுத்தவர், பிறக்கும் குழந்தை மீதான பெற்றோர் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

கருமுட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும்.  வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தானம் செய்யலாம். யாருக்கு என்ன சிகிச்சை நடந்தது, யார் தானம் செய்தார் என்ற விவரங்களை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது.

ஆக, அந்தப் பெண்ணின் முதல் இரண்டு பயத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. தானம் கொடுத்தவர் உரிமை கேட்டு வர முடியாது. கணவர் பிரிந்து போனாலும், ‘முட்டை உன்னுடையது இல்லை’ என்று சொல்லி அம்மா என்ற இடத்தைப் பறிக்க முடியாது. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று வழக்கு வந்தால், எல்லா அம்மா அப்பாவுக்கும் உள்ள அதே அளவுகோல்தான். குழந்தையின் நலன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

மூன்றாவது பயம், டிஎன்ஏ.

டிஎன்ஏ தடுமாறிய கதை

‘டிஎன்ஏ சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை’ என்று சினிமாவும் சீரியலும் நம்மை நம்பவைத்திருக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2002-ல் ஒரு பெண் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். வழக்கமான நடைமுறையாக டிஎன்ஏ பரிசோதனை நடந்தது. அப்பா அப்பாதான், ஆனால் இவர் இந்தக் குழந்தைகளின் அம்மா இல்லை என்று முடிவு வந்தது. இருவரையும் அவர்தான் பெற்றார். ‘யாருடைய குழந்தைகளையோ காட்டி ஏமாற்றுகிறீர்களா?’ என்று விசாரணை தொடங்கியது. குழந்தைகளைப் பிரித்துவிடுவார்கள் என்ற நிலை.

அப்போது அவர் மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தார். பிரசவ அறையிலேயே ஒரு சாட்சியை நிறுத்தி, குழந்தை பிறந்ததும் ரத்தம் எடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சாட்சியின் கண்முன்னே பிறந்த அந்தக் குழந்தையின் டிஎன்ஏவும் அவருடையதோடு பொருந்தவில்லை!

பிறகுதான் உண்மை புரிந்தது. அவர் தன் தாயின் வயிற்றில் இருந்தபோது, இரட்டையராக வளர வேண்டிய இரண்டு கருக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஆளாகிவிட்டன. அதனால் அவர் உடலில் இரண்டு வகை டிஎன்ஏ இருந்தது. ரத்தத்தில் ஒன்று, கருப்பை வாய்த் திசுவில் இன்னொன்று. அந்தத் திசுவைப் பரிசோதித்தபோது குழந்தைகளோடு பொருந்தியது. வழக்கு முடிந்தது.

இது மிக அபூர்வமான நிகழ்வு. இதைச் சொல்லக் காரணம், ஆய்வகத்தின் ஒரு தாளை மட்டும் வைத்து அம்மாவைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான். நம் உச்ச நீதிமன்றமும், கேட்டவுடன் டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று 1993-லேயே சொல்லியிருக்கிறது. தான முட்டையில் பிறந்த குழந்தை விஷயத்தில் அந்தச் சோதனைக்குப் பொருளும் இல்லை. டிஎன்ஏ பொருந்தாது என்று தெரிந்துதானே, இவர்தான் அம்மா என்று சட்டமே சொல்லியிருக்கிறது!

சுமந்தவர் வேறொருவர் என்றால்?

வாடகைத் தாய் விஷயத்தில் கேள்வி தலைகீழாகிறது. இங்கே சுமந்து பெற்றவர் அம்மா இல்லை.

இங்கிலாந்தில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். முட்டை யாருடையதாக இருந்தாலும், சுமந்து பெற்றவர்தான் அங்கே சட்டப்படி அம்மா. குழந்தை பிறந்த பிறகு நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் தம்பதி பெற்றோர் ஆக முடியும். இந்தியாவில் அந்த உத்தரவைக் கர்ப்பத்துக்கு முன்பே வாங்க வேண்டும். தம்பதியும் வாடகைத் தாயும் சேர்ந்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு கொடுத்து, பிறக்கப் போகும் குழந்தையின் பெற்றோர் யார், யார் பொறுப்பில் இருக்கும் என்று உத்தரவு பெற வேண்டும். குழந்தை பிறந்ததும் பிறப்புக்கான உறுதி ஆவணமாக அந்த உத்தரவே பயன்படும். வாடகைத் தாய் மூலம் பிறந்த குழந்தை, குழந்தை வேண்டி வந்த தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும் என்று அந்தச் சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது.

வாடகைத் தாய் 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகி சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். ஒரு முறைதான் சுமக்கலாம். தன் சொந்தக் கருமுட்டையைப் பயன்படுத்தக் கூடாது. மருத்துவச் செலவு, சட்டம் அனுமதிக்கும் பிற செலவுகள், 36 மாதக் காப்பீடு தவிர அவருக்குப் பணம் தரக் கூடாது. மனம் மாறினால், கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்புவரை அவர் விலகிக்கொள்ளலாம். ‘குழந்தை ஆரோக்கியமாக இல்லை’, ‘பெண் குழந்தை’ என்று சொல்லித் தம்பதி கைகழுவவும் முடியாது. அது தண்டனைக்குரிய குற்றம்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொல்லியிருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், விபத்தில் இருபது வயது மகனைப் பறிகொடுத்தவர். பிறகு வாடகைத் தாய் மூலம் ஒரு பெண் குழந்தைக்கு அம்மா ஆனார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள விடுப்பு கேட்டபோது, தத்தெடுத்தவர்களுக்குத்தான் விடுப்பு உண்டு, வாடகைத் தாய் முறைக்கு விதியில் இடமில்லை என்றார்கள். 2013 மார்ச்சில் நீதிபதி கே.சந்துரு அவருக்கு விடுப்பு தரச் சொன்னார். குழந்தையின் பெயரைக் குடும்ப மருத்துவ அட்டையில் சேர்க்கவும் உத்தரவிட்டார். 2017-ல் மகப்பேறு நலச் சட்டமே திருத்தப்பட்டது. தன் கருமுட்டையைக் கொடுத்து வாடகைத் தாய் மூலம் குழந்தை பெறும் பெண்ணுக்கு இப்போது 12 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு.

‘நமக்குள்ள எதுக்கு பத்திரம்?’

இதுவரை சொன்னது சட்டப்படி நடந்தவர்களின் கதை. என்னைத் தூங்கவிடாத கதை ஒன்று இருக்கிறது.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. தங்கைக்கு மூன்றாவதாகப் பெண் பிறந்தது. ‘உனக்கே வச்சுக்கோ அக்கா’ என்று ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் தத்துப் பத்திரம் எதற்கு என்று நினைத்து, அக்காவே பெற்றதாகப் பிறப்பைப் பதிவு செய்துவிட்டார்கள். ஸ்கூல் சான்றிதழ், ஆதார் என எல்லாம் அந்தப் பெயரிலேயே வளர்ந்தன. முதலில் அக்காவின் கணவர் போனார். சில வருடங்களில் அக்காவும் போனார். உயில் எதுவும் இல்லை. கணவரின் தம்பிகள் வழக்கு போட்டார்கள். தங்கையின் பிரசவ கேஸ் ஷீட் நீதிமன்றத்துக்கு வந்தது.

அந்தப் பெண் அக்காவுக்குப் பிறந்தவள் இல்லை. சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவளும் இல்லை. அப்போது அவளுக்கு 22 வயது. இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, வழக்கத்தில் இடம் இருந்தால் ஒழிய, 15 வயது நிரம்பியவரைத் தத்தெடுக்க முடியாது. எடுக்க வேண்டியவர்களும் உயிரோடு இல்லை. கடைசியில் சமரசத்தில் ஏதோ கொஞ்சம் கொடுத்தார்கள். கோர்ட் வராண்டாவில் அவள் என்னிடம் கேட்டாள்: “அப்ப நான் யார் வீட்டுப் பொண்ணு ஆன்ட்டி?”

பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறிவிட்டால் அம்மா ஆகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சான்றிதழ் நடந்ததைச் சொல்லும் தாள். நடக்காத ஒன்றை அது நடந்ததாக ஆக்காது. பொய்யான தகவல் கொடுத்துப் பதிவு செய்வது குற்றமும்கூட.

இத்தனைக்கும் அந்த அக்காவுக்கு வழி எளிதாகவே இருந்தது. பெற்றவளும் அவள் கணவரும் மனமுவந்து குழந்தையைக் கொடுக்க, அக்காவும் கணவரும் பெற்றுக்கொள்ள வேண்டும். அதைத் தத்துப் பத்திரமாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் போதும். பணம் கைமாறக் கூடாது. பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து முறையாக நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்த நாளிலிருந்து எல்லா வகையிலும் அந்தக் குழந்தை தத்தெடுத்த குடும்பத்தின் குழந்தை. பிறகு மனம் மாறி ரத்து செய்யவும் முடியாது.

கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் உட்பட எல்லா மதத்தினரும் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ், மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து தத்தெடுக்கலாம். உறவினர் குழந்தையைத் தத்தெடுக்கவும் அதில் வழி உண்டு. இப்போது மாவட்ட ஆட்சியரே தத்து உத்தரவு பிறப்பிக்கிறார். ‘ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்கு, இவ்வளவு கொடுத்தால் போதும்’ என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 1098-க்குச் சொல்லுங்கள்.

தனியாக வளர்க்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. திருமணமாகாத பெண், குழந்தையின் தந்தை பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பத்திரமாக வைக்க வேண்டியவை

* தான முட்டை, ஐவிஎஃப் சிகிச்சை என்றால்: நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி. மையம் அரசிடம் பதிவு பெற்றதா என்று முதலிலேயே பாருங்கள்.

* வாடகைத் தாய் முறை என்றால்: மாஜிஸ்திரேட் உத்தரவின் சான்றிட்ட நகல், மருத்துவ வாரியச் சான்று, காப்பீட்டுப் பத்திரம்.

* தத்து என்றால்: பதிவு செய்த தத்துப் பத்திரம் அல்லது ஆட்சியரின் உத்தரவு.

* எல்லோருக்கும்: 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

* இந்த ஃபைல் பீரோவில் பூட்டி இருக்கட்டும். நாத்தனார் கைக்குப் போக வேண்டியதில்லை!

சட்டம் அம்மாவை அறிய எப்போதும் ஒரே இடத்தில் தேடுவதில்லை. சில சமயம் கருப்பையைப் பார்க்கிறது. சில சமயம் மாஜிஸ்திரேட் உத்தரவை, சில சமயம் தத்துப் பத்திரத்தைப் பார்க்கிறது. எந்த வழியில் குழந்தை வந்தாலும் அதற்குச் சரியான தாள் ஒன்று உண்டு. உரிய நேரத்தில் அதை எழுதி வைத்துவிட்டால், அந்தக் குழந்தை பின்னாளில் எந்தக் கோர்ட் வராண்டாவிலும் நின்று தன் அம்மா யார் என்று கேட்க வேண்டியிருக்காது.

அன்று இதையெல்லாம் சொல்லி முடித்தபோது எட்டு மணி ஆகிவிட்டது. குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. “பசிக்குது அவளுக்கு” என்று எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, “அந்தப் பிரிவு எண்ணை மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தர்றீங்களா மேடம்? வீட்டுல காட்டணும்” என்றார்.

31 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.